முன்பல் கேப் ஓரத்துல கருப்புக் கோடு தெரியுதா? மாத்தப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டு போங்க

பத்தாவது படிக்கும்போது கிரிக்கெட் பால் பட்டு எனக்கு மேல் முன்பல்லுல ஒன்னு பாதி ஒடஞ்சுபோச்சு, ரூட் கேனால் பண்ணி மேல செராமிக் கேப் போட்டு விட்டாங்க. அது 2004. அதுக்கப்புறம் பத்து பன்னெண்டு வருஷம் வாய்க்குள்ள கேப்னு ஒன்னு இருக்கறதே மறந்துட்டேன். தங்கச்சி கல்யாண ஆல்பம் வந்தப்பதான் பாத்தேன், நான் சிரிச்ச போட்டோ எல்லாத்துலயும் அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ஈறு ஓரமா பென்சில்ல கோடு இழுத்த மாதிரி கருப்பா இருக்கு, பக்கத்து பல்லோட கலரும் ஒட்டல. அன்னைலேர்ந்து வாயை மூடிக்கிட்டே சிரிக்க ஆரம்பிச்சேன்.

அப்புறம் அந்த கேப்பை ரெண்டு தடவை மாத்திருக்கேன். மொத தடவை காசு போச்சு, ரெண்டாவது தடவைதான் உருப்படியா அமைஞ்சது. நான் டாக்டர் இல்ல, காசு கொடுத்து கத்துக்கிட்டவன், அவ்வளவுதான்.

அந்தக் கோடு எங்கிருந்து வருதுன்னு மொதல்ல சொல்லிடறேன். பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல "செராமிக் கேப்"னு போட்டதுல பெரும்பாலானது முழுசா செராமிக் கிடையாது. உள்ள நிக்கல் குரோமியமோ கோபால்ட் குரோமியமோ கலந்த மெல்லிசான மெட்டல் தொப்பி இருக்கும், அதுமேல பீங்கானை அடுக்கி சுட்டு எடுத்திருப்பாங்க. டாக்டருங்க இதை பிஎஃப்எம்னு சொல்லுவாங்க. போடும்போது மெட்டல் ஓரத்தை ஈறுக்கு கொஞ்சம் உள்ள தள்ளி மறைச்சு வச்சிடுவாங்க, அதனால ஆரம்பத்துல ஒன்னும் தெரியாது. வருஷம் போகப் போக ஈறு மேல ஏறும். வயசு, அழுத்தி பிரஷ் பண்றது, ஈறு நோய்னு காரணம் எதுவா இருந்தாலும் அரை மில்லிமீட்டர் ஏறினா போதும், மெட்டல் எட்டிப் பாக்கும். பீங்கானுக்கும் பின்னாடி மெட்டல் இருக்கறதால வெளிச்சம் உள்ள போகாது, நெஜ பல்லுல இருக்கற அந்த லேசான ஊடுருவல் இருக்காது, அதனால பக்கத்து பல்லோட வச்சுப் பாக்கும்போது கேப் செத்த மாதிரி இருக்கும். கேப் பழசானதால கெட்டுப் போச்சுன்னு இதுக்கு அர்த்தமில்ல. மெட்டல் அங்க முன்னாடியே இருந்துச்சு, இப்ப வெளிய தெரியுது.

ஆனா கருப்பா தெரியறது எல்லாமே மெட்டல் கோடும் கிடையாது. இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க.

டீ, காபி, வெத்தலை பாக்கு, புகையிலைன்னு எதாவது பழக்கம் இருந்தா கறை கரெக்டா கேப்பும் பல்லும் சேர்ற அந்த சந்துலதான் போய் உக்காரும். அது பழுப்பா, திட்டுத் திட்டா இருக்கும், ஒரு கிளீனிங் பண்ணினா போயிடும். எங்க பெரியம்மா கேப் மாத்தணும்னு காசெல்லாம் சேத்து வச்சுக்கிட்டு போனாங்க, டாக்டர் கிளீன் பண்ணி விட்டு கண்ணாடியைக் காட்டினாரு, மீதி காசுக்கு பொடவை எடுத்துட்டு வந்துட்டாங்க. இன்னொன்னு சொத்தை. கேப் சொத்தையாகாது, ஆனா கேப்புக்கு அடியில இருக்கற பல்லு தாராளமா சொத்தையாகும், அதுவும் அந்த ஓரத்துலேர்ந்துதான் தொடங்கும். நாக்கு வச்சா அந்த எடம் மெத்துன்னோ சொரசொரன்னோ இருக்கறது, பல்லிடுக்குல சுத்தம் பண்ற ஃபிளாஸ் நூல் விட்டா பிஞ்சு பிஞ்சு வர்றது, என்ன தேச்சாலும் போகாத நாத்தம், கேப் லேசா ஆடறது, இதுல எது இருந்தாலும் அழகை அப்புறம் பாத்துக்கலாம், சீக்கிரம் போய் காட்டிடுங்க. ரூட் கேனால் பண்ணின பல்லுக்கு உயிர் இல்லாததால உள்ள அழுகினாலும் பெரும்பாலும் வலிக்காது, அதனால வலி இல்லையேன்னு தைரியமா இருக்காதீங்க.

மூணாவது ஒன்னு இருக்கு, இதை யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. ரூட் கேனால் பண்ணின பல்லோட வேரே கருத்துப் போயிருக்கும், ஈறு மெல்லிசா இருக்கறவங்களுக்கு அந்தக் கருப்பு ஈறு வழியாவே நிழல் மாதிரி தெரியும். சில பேருக்கு பழைய மெட்டல் துகள் ஈறுக்குள்ள பச்சை குத்தின மாதிரி தங்கியிருக்கும். இது ரெண்டுக்கும் ஒலகத்துலயே விலை கூடின கேப்பைப் போட்டாலும் ஈறுல இருக்கற கருப்பு அப்படியேதான் நிக்கும். கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க, கருப்பு கேப்போட ஓரத்துல மெல்லிசா கோடா இருக்கா, இல்ல ஈறோட சதையில பரவி இருக்கான்னு. சதையில இருந்தா கேப் மாத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட "இது போகுமா போகாதா"ன்னு நேரா கேட்டுடுங்க. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஈறே இயற்கையா பழுப்பாவோ கருப்பாவோதான் இருக்கும், அது தோல் நெறம் மாதிரி, வியாதி இல்ல. அப்படிப்பட்ட ஈறுல இந்தக் கோடு பாதி மறைஞ்சும் போயிடும்.

சரி, மெட்டல் கோடுதான்னு உறுதியாயிடுச்சு. மாத்தித்தான் ஆகணுமா? ஈறு நல்லா இருக்கு, எக்ஸ்ரேல அடியில சொத்தை இல்ல, கேப் ஆடலன்னா அது வெறும் பார்வைக்கு பிரச்சனைதான், அவசரமே இல்ல. நான் சொல்றது, யாரையாவது விட்டு நீங்க வாய்விட்டு சிரிக்கும்போது நாலு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, போஸ் கொடுத்து செல்ஃபி எடுத்துக்காதீங்க. நிறைய பேருக்கு முழுசா சிரிச்சாலும் மேல் ஒதடு ஈறு வரைக்கும் ஏறாது. கண்ணாடில ஒதட்டை விரலால தூக்கிப் பாத்து பாத்து கவலைப்படற கோடு வேற எவன் கண்ணுக்கும் தெரியாது. கடைவாய்ப் பல்லுல கோடு தெரியுதுன்னு மாத்தறதெல்லாம் என்னைக் கேட்டா வீண் வேலை.

ஏன் இவ்வளவு யோசிக்கச் சொல்றேன்னா, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் பல்லு கொஞ்சம் கொறையும். நிரந்தர சிமெண்ட் போட்ட கேப்பை பெரும்பாலும் முழுசா கழட்ட முடியாது, பர்னு சொல்ற சின்ன டிரில் முனை வச்சு நடுவுல ஒரு கோடு வெட்டி ரெண்டாப் பொளந்து எடுப்பாங்க. அப்புறம் பழைய சிமெண்டைச் சொரண்டி, சொத்தை இருந்தா தோண்டி, ஓரத்தைத் திரும்ப செதுக்கி, எல்லாம் முடிஞ்சு பாத்தா உள்ள ஒரு சின்ன மொளை மாதிரிதான் பல்லு மிச்சமிருக்கும். ஈறுக்கு மேல சுத்தியும் ஒன்றரை ரெண்டு மில்லிமீட்டராவது நெஜ பல்லு இருந்தாத்தான் புது கேப் கெட்டியா நிக்கும். அதுக்கும் கீழ போயிடுச்சுன்னா ஈறை வெட்டி பல்லை வெளிய கொண்டு வர்றது, இல்லன்னா பல்லை எடுத்துட்டு இம்பிளான்ட்னு கதை பெருசாயிடும். உயிரோட இருக்கற பல்லா இருந்தா திரும்ப செதுக்கறதுல நரம்பு செத்து ரூட் கேனால் வரைக்கும் போறதுக்கும் வாய்ப்பிருக்கு. பீங்கான் ஓரத்துல சின்னதா சிப் ஆயிருக்குன்னா பல் கலர்ல இருக்கற காம்போசிட்னு ஒரு பசை மாதிரி பொருளை வச்சு ஒட்டியே சரி பண்ணலாம், அது ரொம்ப வருஷம் தாங்காதுதான், ஆனா கொஞ்ச காலம் தள்ளிப் போட ஒதவும்.

மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டா எதை மொதல்ல பண்றோம் எதை அப்புறம் பண்றோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு. நான் 2017ல மொத தடவை போனப்ப அந்த க்ளினிக்ல அன்னைக்கே பழசை வெட்டி எடுத்து, ஈறுலேர்ந்து ரத்தம் வந்துக்கிட்டு இருக்கும்போதே அளவு எடுத்து லேபுக்கு அனுப்பிட்டாங்க. வேகமா முடிச்சிட்டாங்களேன்னு எனக்கும் சந்தோஷம்தான். ரெண்டு மாசத்துல ஈறு வீக்கம் வத்தி மேல போச்சு, புது கேப்போட ஓரம் அப்படியே வெளிய. வீங்கின கால்ல செருப்பு அளவு எடுத்தா அப்புறம் எப்படி இருக்கும், அதேதான். அதனால மொத வேலை ஈறு. ஸ்கேலிங், அதாவது மெஷின் வச்சு கிளீனிங் பண்ணிட்டு, ரத்தம் வர்றது நிக்கற வரைக்கும் ரெண்டு மூணு வாரம் காத்திருந்து, ஈறு இளஞ்சிவப்பாவோ உங்களுக்கு இயற்கையா இருக்கற நெறத்துலயோ இறுகி உக்காந்த பிறகுதான் அளவு. சுகர் இருக்கறவங்க அதைக் கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு போங்க, இல்லன்னா ஈறு சரியா ஆறாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், நீங்களா நிறுத்தவும் கூடாது.

அப்படியே ஒரு எக்ஸ்ரே எடுத்து பழைய ரூட் கேனால் எப்படி இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. வேர் நுனில எதாவது இருந்தா இப்பவே திரும்ப ரூட் கேனால் பண்ணிடலாம், புது கேப் போட்ட அப்புறம் தெரிஞ்சுதுன்னா புதுசுலயே ஓட்டை போடணும், வயிறு எரியும்.

பல்லை வெளுக்க வைக்கிற பிளீச்சிங் பண்ற ஐடியா இருந்தா அதுவும் கேப்புக்கு முன்னாடிதான். பிளீச் நெஜ பல்லைத்தான் வெளுக்கும், கேப் கலரை அசைக்காது. கேப் போட்டுட்டு அப்புறம் பிளீச் பண்ணினா மத்த பல்லெல்லாம் வெள்ளையாகி கேப் மட்டும் மஞ்சளா நிக்கும். பிளீச் முடிஞ்சதும் கலர் கொஞ்சம் எறங்கி ஒரு எடத்துல நிலைக்க ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் ஷேடு பாக்காதீங்க.

அடுத்தது எந்த மெட்டீரியல். கடைசில பேச்சு ஜிர்கோனியாவா இ-மேக்ஸான்னு வந்து நிக்கும், ரெண்டுமே உள்ள மெட்டல் இல்லாத செராமிக். ஜிர்கோனியான்னா எல்லாம் ஒரே சரக்குன்னு நெனைச்சுக்காதீங்க. மொதல்ல வந்த வகை பயங்கர ஸ்ட்ராங், ஆனா சுண்ணாம்பு மாதிரி வெளிச்சம் விடாத வெள்ளை, கடைவாய்க்குதான் லாயக்கு. இப்ப வர்ற வகைகள் வெளிச்சம் விடும், அந்த அளவுக்கு பலம் கொஞ்சம் கம்மி, முன்பல்லுக்கு அது போதும். இன்னொரு விதம், உள்ள ஜிர்கோனியா வச்சு மேல பீங்கான் அடுக்கறது, பாக்க ரொம்ப அழகா இருக்கும், ஆனா அந்த மேல் பீங்கான் சிப் ஆகலாம், ராத்திரி பல்லைக் கடிக்கறவங்க யோசிக்கணும், போட்டாலும் நைட் கார்டுன்னு பல்லு மேல மாட்டற பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கிட்டு தூங்கணும். இ-மேக்ஸ்ங்கறது லித்தியம் டைசிலிகேட்னு ஒரு கண்ணாடி செராமிக், நெஜ பல்லுக்கு ரொம்ப கிட்ட வர்றது இதுதான். ஆனா அதோட அழகே வெளிச்சத்தை உள்ள விடறதுதான், உள்ள பல்லு கருத்திருந்தாலோ மெட்டல் போஸ்ட் (கேப்புக்குப் பிடிமானமா வேருக்குள்ள எறக்கற கம்பி) இருந்தாலோ அந்தக் கருப்பும் சேந்து வெளிய வந்துடும். எனக்கு உள்ள மெட்டல் போஸ்ட். ரெண்டாவது தடவை பாத்த டாக்டர் இ-மேக்ஸ் வேண்டாம், உள்ள ஜிர்கோனியா மேல பீங்கான்னு முடிவு பண்ணினது அதனாலதான். விலை கூட இருக்கறதுதான் நல்லதுன்னு போய் கேக்காதீங்க, உள்ள இருக்கற மொளை என்ன கலர்னு கேளுங்க.

இனிமே ஷேடு. நான் தோத்த எடமும் இதான், ஜெயிச்ச எடமும் இதான்.

எங்க ஊர் தருமபுரி பக்கம். ஒகேனக்கல் தண்ணி குழாய்ல வர்றதுக்கு முன்னாடி போர் தண்ணி குடிச்சு வளந்த தலைமுறை நாங்க. தண்ணில ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல இருந்து, பல்லு உருவாகற சின்ன வயசுல அதையே குடிச்சா பல்லுல சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். எங்க கிளாஸ்ல பாதிப் பேர் சிரிச்சா அப்படித்தான் இருக்கும். எனக்கு லேசா. 2017ல நான் என்ன பண்ணினேன், "நல்லா வெள்ளையா போடுங்க டாக்டர்"னு சொல்லிட்டேன், அவங்களும் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்தா எங்கம்மா ஒரு நிமிஷம் பாத்துட்டு "என்னடா பாத்ரூம் டைல்ஸ் ஒன்னை எடுத்து ஒட்டிக்கிட்டு வந்திருக்க"ன்னாங்க. சுத்தி இருக்கற பல்லெல்லாம் மங்கல், திட்டு, நடுவுல ஒன்னு மட்டும் பளீர்னு. கருப்புக் கோடு இருந்தப்பவே தேவலாம்னு ஆயிடுச்சு.

கேப் வெள்ளையா இருக்கணும்னு அவசியமே இல்ல, பக்கத்து பல்லு மாதிரி இருக்கணும். டாக்டர்கிட்ட வீட்டா ஷேடு கைடுன்னு பல்லு பல்லா மாட்டி வச்ச ஒரு பட்டை இருக்கும், மொத்தம் பதினாறு ஷேடு, ஏ, பி, சி, டின்னு நாலு குடும்பம், நம்பர் ஏற ஏற கருப்பு கூடும். ஷேடு பாக்கறதை அந்த சிட்டிங்கோட ஆரம்பத்துலயே பண்ணச் சொல்லுங்க, ஏன்னா வாயைத் தொறந்தே வச்சிருந்தா பல்லு காஞ்சு நெஜத்தை விட வெள்ளையா தெரியும், அரை மணி நேரம் செதுக்கிட்டு அப்புறம் ஷேடு பாத்தா தப்பாத்தான் போகும். சேர் லைட்டை அணைச்சிட்டு ஜன்னல்கிட்ட பகல் வெளிச்சத்துல பாக்கணும். லிப்ஸ்டிக் போடறவங்க தொடச்சிட்டு போங்க, கண்ணைப் பறிக்கற கலர்ல சட்டை வேண்டாம். ஒரே நெறத்துல கேப்பை முடிச்சிடாம, ஈறுகிட்ட கொஞ்சம் அழுத்தமா, நடுவுல ஒரு மாதிரி, நுனில கண்ணாடி மாதிரின்னு மூணு பகுதியா எழுதச் சொல்லுங்க, நெஜ பல்லு அப்படித்தான் இருக்கு. ஷேடு பட்டையை பல்லுக்குப் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து லேபுக்கு வாட்ஸப்புல அனுப்பறது இப்ப சாதாரணம், பண்ணலன்னா நீங்களே கேளுங்க.

ரெண்டாவது தடவை 2021ல சேலம் பக்கம் ஒரு டென்டல் காலேஜ்ல பிஜி படிக்கற ஒரு பொண்ணுதான் பண்ணுச்சு. அது என் பக்கத்து பல்லுல இருந்த வெள்ளைத் திட்டையெல்லாம் பேப்பர்ல படமா வரைஞ்சு லேபுக்கு கொடுத்துச்சு. கேப் வந்தப்ப அதுலயும் லேசா ஒரு திட்டும் ஒரு பழுப்பு ரேகையும் இருந்துச்சு. காசு கொடுத்து கறை வாங்கறவன் நானாத்தான் இருப்பேன். ஆனா இப்ப எது கேப்புன்னு நான் சொன்னாத்தான் தெரியும். ஒத்தை முன்பல்லை மட்டும் மேட்ச் பண்றதுதான் இந்த வேலையிலயே கஷ்டம்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு, ரெண்டு நடுப்பல்லுலயும் பழைய கேப் இருந்தா ரெண்டையும் ஒன்னாவே மாத்திடறது நல்லது.

கேப் லேபுலேர்ந்து வந்ததும் ட்ரயல் பாக்காம ஒட்ட விடாதீங்க. இதை மட்டும் எழுதி பாக்கெட்ல வச்சுக்கோங்க. சும்மா மாட்டிப் பாத்துட்டு, கைக்கண்ணாடியை ஓரமா வச்சுட்டு செவுத்துக் கண்ணாடிலேர்ந்து ஒரு ரெண்டடி தள்ளி நின்னு பாருங்க, மனுஷங்க உங்க பல்லை அந்த தூரத்துலேர்ந்துதான் பாப்பாங்க. பகல் வெளிச்சத்துலயும் பாருங்க, டியூப்லைட்லயும் பாருங்க, ஒன்னுல ஒட்டற கலர் இன்னொன்னுல ஒட்டாம போகலாம். மூஞ்சிக்கு நேரா உண்மை பேசற ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு போங்க. எங்கம்மாவை 2017லயே கூட்டிட்டு போயிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நீளம், வடிவம், கலர் எது பிடிக்கலன்னாலும் அப்பவே சொல்லுங்க, லேபுக்குத் திருப்பி அனுப்பி மாத்தலாம். கூச்சப்பட்டு தலையாட்டிட்டு சிமெண்ட் போட்டுட்டா அப்புறம் மாத்தணும்னா வெட்டித்தான் எடுக்கணும், அதுவும் ஜிர்கோனியாவை வெட்டறது பழைய மெட்டல் கேப்பை விட பெரும்பாடு.

நடுவுல ஒரு வாரம் பத்து நாள் டெம்பரரி கேப்போட இருக்கணும். அது பிளாஸ்டிக் மாதிரி, கலர் சுமாராத்தான் இருக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க. முறுக்கு, கடலைமிட்டாய், பபிள்கம் வேண்டாம். ஃபிளாஸ் விட்டா கீழ இழுக்காம பக்கவாட்டுல உருவுங்க. கழண்டு விழுந்தா பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டு க்ளினிக்குக்கு போன் பண்ணுங்க, ஃபெவிக்விக் போட்டு ஒட்டறவங்களை நெஜமாவே பாத்திருக்கேன், செய்யாதீங்க, ஈறு வெந்துடும், டாக்டருக்கு அதை எடுக்கறதும் பெரிய தலைவலி.

காசு விஷயம் ஊருக்கு ஊர், லேபுக்கு லேப் மாறும். கேக்கும்போது பழைய கேப்பை எடுக்கறது, எக்ஸ்ரே, டெம்பரரி, திரும்ப ரூட் கேனால் வேண்டி வந்தா அது, எல்லாம் சேத்தா இல்ல தனித்தனியான்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. தனியார் டென்டல் காலேஜ்ல க்ளினிக்கை விட நல்லாவே கம்மியா ஆகும், ஆனா நாலஞ்சு தடவை அலையணும், ஒவ்வொரு ஸ்டெப்பையும் சார் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காரணும். எனக்கு அந்த மெதுவான வேலைதான் நல்லா வந்துச்சு. சென்னைல இருக்கறவங்களுக்கு பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. ஜிர்கோனியாவுக்கு வாரண்டி கார்டு கொடுப்பாங்க, அது பெரும்பாலும் கேப் ஒடஞ்சாத்தான் செல்லும், கலர் பிடிக்கலன்னோ அடியில சொத்தைன்னோ போனா செல்லாது, படிச்சுப் பாத்துக்கோங்க.

ஒட்டின பிறகு கடிக்கும்போது அந்தப் பல்லு மட்டும் மொதல்ல இடிக்கற மாதிரி இருந்தா பழகிடும்னு விடாதீங்க, ரெண்டு நாள்ல திரும்பப் போய் கார்பன் பேப்பர் கடிச்சு லேசா தேய்க்கச் சொல்லுங்க, தேய்ச்ச எடத்தைப் பாலிஷ் பண்ணவும் சொல்லுங்க, சொரசொரப்பா விட்டா அங்க அழுக்கு பிடிக்கும், எதிர்ப் பல்லும் தேயும். சாஃப்ட் பிரஷ் மட்டும். சாம்பல், கரித்தூள், உப்பு, கொரகொரன்னு இருக்கற பல்பொடி எல்லாம் மேல இருக்கற பளபளப்பைக் கீறிடும், கீறின எடத்துல டீக்கறை போய் ஒக்காந்துக்கும். ஈறு ஓரத்துல ஃபிளாஸ் தெனமும் விடணும், ஏன்னா பல்லு போறது அந்த எடத்துலதான். அடுத்த தடவை கிளீனிங் போகும்போது எது கேப்புன்னு சேர்ல உக்காந்ததுமே சொல்லிடுங்க, மெஷின் முனை ஓரத்துல பலமா பட்டா சிப் ஆகும்.

அப்புறம் லேப் சீட்டு. அதுல மெட்டீரியல் பேரு, ஷேடு நம்பர், தேதி எல்லாம் இருக்கும். க்ளினிக்லயே கேட்டு ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க, பத்து வருஷம் கழிச்சு வேற ஊர்ல வேற டாக்டர்கிட்ட போய் நின்னா "உள்ள என்ன போட்டிருக்கு"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. என் 2004 கேப்புக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தா உள்ள மெட்டல் போஸ்ட் இருக்கறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.